கயிற்றரவும் கட்டுவிரியனும்

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், இந்தியத் தத்துவ வகுப்பில் நாங்கள் முதலிற் கேட்ட எடுத்துக்காட்டு கயிற்றரவு. அந்தி மங்கிய வேளையில் வழியிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கருதி ஒருவன் அஞ்சி நடுங்குகிறான். விளக்கு வந்ததும் அச்சம் அகல்கிறது. பாம்பு எங்கே போயிற்று என்றால், அது இருந்ததேயில்லை. வேதாந்திகள் இதனைக் கொண்டு உலகத் தோற்றத்தை விளக்கினர். எங்கள் பேராசிரியர் அதைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினார். பங்குப் பணிக்கு வந்த பின்னர் நானும் அந்த எடுத்துக்காட்டை மறையுரைகளிற் பலமுறை கையாண்டிருக்கிறேன்.

ஆனால் அதில் விடுபட்ட ஒன்று உண்டென்பது எனக்கு ஐம்பது வயதைக் கடந்த பிறகே புலப்பட்டது. கயிற்றைப் பாம்பென்று கருதியவனின் பிழையால் எவருக்கும் கேடில்லை. அவன் தடியெடுத்து அடித்தாலும் கயிறு சாவதில்லை. பாம்பைப் பாம்பென்றே சரியாகக் கண்டு, அது எந்தப் பாம்பு என்று மட்டும் அறியாதவனின் நிலை என்ன? அந்த மயக்கத்திற்குத் தத்துவ நூல்களில் நான் பெயர் கண்டதில்லை. அதிலோ உயிர் போகிறது. சில வேளை பாம்பின் உயிர், சில வேளை மனிதனின் உயிர். இரண்டையும் என் பணிவாழ்வில் கண்டிருக்கிறேன். இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் மாவட்டத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் நீர் சூழ்ந்த நிலையத்திலேயே தவித்தனர். என் பங்கிலும் தாழ்வான தெருக்களிலிருந்து குடும்பங்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கின. பாய், சாக்கு, பழைய சேலை என்று கிடைத்ததைத் தரையில் விரித்துப் பிள்ளைகள் உறங்கினர். மின்சாரம் இல்லை. வெள்ளத்தில் வளையிழந்த உயிர்களுக்கும் மேட்டுநிலந்தானே புகலிடம்? அங்கே மனிதர் ஏற்கெனவே வந்திருப்பர் என்பதை அவை எப்படி அறியும்?

இரண்டாம் இரவு, பதினொரு மணியளவில், பெண்களின் கூக்குரல் கேட்டு ஓடினேன். கைவிளக்கின் ஒளியில் சுவரோரம் அது தெரிந்தது. ஒரு முழத்திற்குச் சற்றுக் கூடுதலான நீளம். பழுப்பு நிற உடல். குறுக்கே வெளிர்மஞ்சள் கட்டுகள். சன்னல் கட்டையை நோக்கிச் சுவரைப் பற்றியவாறு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. "கட்டுவிரியன்" என்று யாரோ ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறெவரும் எதையும் பார்க்கவில்லை. "அடிச்சிரலாமா சாமி?" என்று கேட்டார்கள். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. "அடியுங்கள்" என்றேன். ஐந்தாறு தடிகள் எழுந்தன. அரை நிமிடத்தில் முடிந்தது. சிலர் எனக்கு நன்றி கூடச் சொன்னார்கள்.

விடிந்ததும், ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர், பங்கின் மூத்தவர், அதை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். "இதை யாரு விரியன்னு சொன்னது, சாமி? இது வெள்ளிக்கோல் வரையன்லா. பல்லி தின்ன வந்திருக்கும். நஞ்சு கிடையாது" என்றார். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினார். வரையனின் கட்டுகள் கழுத்தருகே தொடங்கும். அங்கே அகன்று தெளிவாக இருந்து, வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ்: கழுத்தில் கட்டுகள் இரா, அல்லது புள்ளிகளாய் மட்டும் இருக்கும், உடலின் பின்பாகத்தில்தான் அவை தெளிவு பெறும், மெல்லிய பால்வெள்ளைக் கோடுகளாய், பெரும்பாலும் இரண்டிரண்டாக அமையும். விரியனின் மேனி நீலங்கலந்த கருமை. எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரியவை, அறுகோண வடிவின. வரையனின் தலை தட்டையானது. சுவரேறிப் பல்லி பிடிப்பது அதன் தொழில். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு தரையாகத் திரிவது.

"அது ஏறினதை வெச்சே சந்தேகப்பட்டிருக்கலாம்" என்று முடித்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அருகில் நின்ற கோயில்பிள்ளைதான், "தெரியாமத்தானே செஞ்சோம் சாமி" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

தெரியாமல் செய்தோம் என்ற சொல்லை ஒப்புரவு அருட்சாதனத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அறநெறி இறையியல் கற்ற எவருக்கும் அந்தச் சொல் கேட்டவுடன் அக்குவினாஸ் தோமாவின் பகுப்பு நினைவுக்கு வரும். வெல்ல முடியாத அறியாமை ஒன்று. முயன்றிருந்தால் வென்றிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னது குற்றத்தை நீக்கும். பின்னது நீக்காது, ஏனெனில் அறியாமல் இருந்ததே அங்கு ஒரு தேர்வு. நான் பிறந்ததும் வளர்ந்ததும் பாம்புகள் உள்ள நாடு. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கற்றவை. உயிரைப் பறிக்கும் கடிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நான்கே காரணம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கு உருவங்களை மனத்தில் பதிக்க ஒரு மாலைப்பொழுது போதும். இலத்தீன் வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்ய எத்தனை மாலைகளைச் செலவிட்டோம்! பாம்பு முகத்தைப் பார்க்க ஒரு மாலையும் எனக்கு வாய்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

இதில் எனக்கு வியப்பூட்டுவது எங்கள் கடற்கரை மக்களின் நிலை. சாளைக்கும் சூடைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும். வலையிலிருந்து மீன் கழற்றும் கை பேத்தை மீனைப் பார்க்காமலே ஒதுக்கும். திருக்கையின் வால்முள் எந்தப் பக்கம் இருக்கும் என்று இருட்டிலும் அறியும். கடற்பாம்பு வலையில் வந்தால் அதன் வாலே அடையாளம்; துடுப்புப் போல் தட்டையாக இருக்கும். விலாங்குக்குச் செவுளும் துடுப்பும் உண்டு. பாம்புக்கோ செதிலே உண்டு, செவுள் இல்லை, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் கடற்பாம்புகள் பெரும்பாலும் கொடிய நஞ்சுடையவை; நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து அவற்றின் நஞ்சைக் கருதித் தயாரிக்கப்பட்டதன்று. இருந்தும் அதை அடித்துக் கொல்லும் மீனவரை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு முதியவரிடம் காரணம் கேட்டேன். "அது பாட்டுக்கு வந்திச்சு, அது பாட்டுக்குப் போகட்டும் சாமி" என்றார். அதே முதியவர் தம் வீட்டுக் கிணற்றடியில் ஒரு தண்ணீர்ப்பாம்பைக் கண்டால் தெருவையே கூட்டிவிடுவார். கொல்லும் நஞ்சுடையதைக் கடலில் விட்டுவிட்டு, நஞ்சே இல்லாததைக் கரையில் அடிக்கிறோம். கடலில் நம் கண் வேலை செய்கிறது. கரைக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம் போலும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் இக்கரையில் அச்சத்தைக் கையாள ஒரு வழி இருந்தது. சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்ற மந்திரக்காரர் அமர்த்தப்பட்டார். மார்க்கோ போலோ தம் பயண நூலில் இவ்வழக்கத்தைக் குறிப்பிட்டு, கிடைக்கும் முத்துகளில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்கிறார். வளைகுடாவின் மறுகரையாகிய இலங்கையில், 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசுப் பணியிலிருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், தாம் கண்ட கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மூச்சையடக்கி ஆழத்தில் இறங்குபவனுக்கு ஏதோ ஒரு துணிவு வேண்டியிருந்தது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று, கடல்கட்டியும் போனார். ஆனால் அறிய வேண்டிய இடத்தில் மந்திரிக்கும் பழக்கம் கரையேறி நம்மோடு தங்கிவிட்டது.

வீட்டைச் சுற்றித் திரியும் பாம்புகளைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதைகளே இதற்குச் சான்று. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தின் உச்சிக்கு ஏறி, கடிபட்டவனின் சிதைப்புகையைப் பார்த்த பின்னரே இறங்குமாம். உண்மையில் அது நஞ்சற்ற, ஒல்லியான, மரத்தில் ஓணான் தேடும் பாம்பு. மேலே ஏறுவது நம்மைக் கண்டு அஞ்சியே. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமாம். அதன் மெல்லிய நஞ்சு பல்லிக்கும் ஓணானுக்கும் உரியது. மனிதனுக்கு அதனால் உயிர்ச்சேதமில்லை. மண்ணுளிப்பாம்பு நக்கினால் வெண்குட்டம் வருமாம். நம் தேரிக்காட்டுச் செம்மணலில் புதைந்து கிடந்து எலி பிடிக்கும் அந்த அப்பாவிக்கு நக்கி நோய் பரப்ப நேரமேது? அதன் இனத்திலேயே ஒன்றை இருதலைப் பாம்பு என்று சொல்லி, வாலையும் தலையாக்கி, பணமும் அதிர்ஷ்டமும் தரும் என்று கள்ளச்சந்தையில் விற்கும் கூட்டமும் உண்டு. வெறுப்பிலும் ஆசையிலும் நாம் பார்ப்பது பாம்பையன்று.

சாரையின் கதை இன்னும் விந்தை. சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் பிணையும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். பிணைந்து எழுந்து ஆடுபவை இரண்டும் ஆண் சாரைகள். அது காதலன்று, போட்டி. சாரைக்குப் படமில்லை, கண் பெரியது, உதட்டோரம் மையால் கோடிட்டது போன்ற கருங்கோடுகள் இறங்கும். துறைமுக நகரில் தானியக் கிடங்குகளும் எலிகளும் எங்கு உண்டோ அங்கே அது கூலியில்லாத காவற்காரன். நாம் அஞ்சி 'நல்ல' என்று அடைமொழி கொடுத்தது கொல்லும் பாம்புக்கு. நன்மை செய்யும் சாரைக்கு அப்படி ஒரு சொல்லைத் தரவில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒருவர் எண்ணலாம்: ஆக, அறிவு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்; இது நஞ்சற்றது, அது நஞ்சுடையது என்று பிரித்தறிந்தால் போதும் என்று. அப்படி எண்ண எனக்கு உரிமையில்லை. ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1999-இல் நான் இளங்குருவாகத் தேரியோரச் சிற்றூர் ஒன்றில் இருந்தேன். பனைத்தொழில் செய்யும் குடும்பம். அவர்களின் பதினான்கு வயது மகன், திருப்பலியில் பூசைக்கு உதவும் பிள்ளை. ஒரு விடியற்காலை அவன் தகப்பனார் வந்து அழைத்தார். "வயித்து வலின்னு துடிக்கான் சாமி, ஒரு ஜெபம் சொல்லுங்க." போனேன். திண்ணையில் வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். தலையில் கைவைத்து ஜெபித்தேன். எழும்போது அவன் சொன்னான்: "ராத்திரி கைல சுருக்குன்னிச்சு சாமி. எறும்புன்னு தட்டிவிட்டுட்டேன்." கையைப் பார்த்தேன். வீக்கமில்லை, தழும்பில்லை, ஒரு புள்ளிகூட எனக்குத் தெரியவில்லை. சுக்குக் கஷாயம் கொடுக்கச் சொல்லிவிட்டுத் திருப்பலிக்கு நேரமாயிற்றென்று திரும்பினேன். ஒன்பது மணிக்கு அவனால் இமையைத் திறக்க முடியவில்லை. நா குழறியது. அப்போது 108 வண்டி கிடையாது. தமிழ்நாட்டில் அது 2008-இல்தான் வந்தது. வாடகைக் கார் தேடிக் கிடைத்துப் போகும் வழியிலேயே மூச்சு நின்றது. மருத்துவர் எங்களிடம் கேட்ட முதற்கேள்வி, "பையன் தரையில் படுத்திருந்தானா?" என்பது.

கட்டுவிரியனின் கடி அப்படித்தான் இருக்கும் என்று அன்று அறிந்தேன். அது இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் உறங்குபவர் புரண்டு படுக்கையில் கடிக்கும். பல் நுண்ணியது, வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. சில மணி நேரத்தில் வயிற்று வலி, வாந்தி. பின்பு இமை சரிதல், விழுங்க முடியாமை. இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழத்தல். நேரத்தே மருத்துவமனை சேர்ந்தால் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் பிழைக்க வைக்கும். அந்தப் பிள்ளை எனக்கு அறிகுறியைச் சொன்னான். அதைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவன் பெற்றோர் இன்றும் என்னைக் கண்டால் கைகூப்புகிறார்கள். அவர்கள் என்னைக் குற்றஞ்சாட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஆக, ஒரு முறை அறியாமல் கொன்றேன். ஒரு முறை அறியாமல் சாகவிட்டேன். முன்னதில் ஆபத்தை இல்லாத இடத்தில் கண்டேன். பின்னதில் இருந்த இடத்தில் காணவில்லை. இவ்விரண்டையும் ஒரு தராசில் வைக்க நான் முனையவில்லை. ஒரு பாம்பும் ஒரு பிள்ளையும் சம எடையல்ல. ஆனால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டு இடத்திலும், உற்றுப் பார்ப்பதற்கு முன்னே முடிவு செய்திருந்தேன்.

ஐயமுற்ற மனச்சான்றோடு செயற்படுவது பற்றி அறநெறி நூல்களில் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. வேடன் ஒருவன் புதரில் ஏதோ அசைவதைக் காண்கிறான். மானா மனிதனா என்று தெரியவில்லை. மானாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் அவன் அம்பெய்யலாமா? ஆகாது என்பதே எல்லா அறநெறியாளரின் முடிவும். உயிர் பற்றிய ஐயத்தில் பாதுகாப்பான வழியையே தேர வேண்டும். இதைப் பாம்புக்குப் பொருத்தினால், முதற்பார்வையில், அடிப்பதே பாதுகாப்பான வழி என்று தோன்றும்: வரையனோ விரியனோ, பிள்ளைகளின் உயிர் பெரிது. நானும் அன்றிரவு அவ்வாறே எண்ணியிருப்பேன், எண்ணியிருந்தால். ஆனால் பாம்புக்கும் நமக்கும் இடையே பத்தடி இருக்கும்வரை எந்த நச்சுப்பாம்பும் நம்மைக் கடிக்க முடியாது. தடியோடு நெருங்குபவனே அந்த இடைவெளியைக் குறைக்கிறான். பாம்பு நம்மைத் தின்னும் நோக்கத்தோடு வருவதில்லை. வழி கிடைத்தால் போய்விடும். எனவே, எந்தப் பாம்பென்று தெரியாதபோது பாதுகாப்பான வழி விலகி நிற்பது, பிள்ளைகளை அப்புறப்படுத்துவது, தீயணைப்புத் துறையினரையோ வனத்துறையினரையோ அழைப்பது. அன்றிரவு தொலைபேசி இயங்கவில்லை; உண்மை. ஆனால் அடுத்த வகுப்பறை திறந்து கிடந்தது. "பிள்ளைகளை அங்கே கொண்டு போங்கள்" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த அறை இல்லாதிருந்து, அது விரியனாகவும் இருந்திருந்தால், அடித்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

கடிபட்டவர் விஷயத்திலோ அதே விதி நேர்மாறான முகம் காட்டுகிறது. அங்கே ஐயத்தின் பலனை ஒருபோதும் பாம்புக்குக் கொடுக்கலாகாது. "அது வெறும் தண்ணீர்ப்பாம்பு", "பூச்சிக்கடி", "பல் படவில்லை" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கேடு. வரையனைப் பற்றி ஆசிரியர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் உண்மை. ஆயினும் கட்டே இல்லாத கட்டுவிரியனும் உண்டென்று அவரே பின்னர் சொன்னார். சுருட்டை விரியனைப் பூனைப்பாம்பென்றும், கண்ணாடி விரியனின் குட்டியை மண்ணுளியென்றும் மயங்கியவர் பலர். மருத்துவர் நம் அறிக்கையை நம்பிச் சிகிச்சை தருவதுமில்லை; உடலின் அறிகுறிகளையும் இரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்தே தருகிறார். நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் மருந்து ஒன்றே. ஆகவே, பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. கயிற்றால் இறுகக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டியதுமில்லை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் கொண்டு போனால் போதும்.

இந்நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இறந்தவர்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் அன்றி வெளியிலேயே இறந்தனர் என்று அதற்கு முந்தைய, 2011-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. அந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு திண்ணையே தெரிகிறது.

சென்ற ஆண்டு அன்பியக் கூட்டம் ஒன்றில் இதையெல்லாம் சொன்னேன். வரையன் படத்தையும் விரியன் படத்தையும் காட்டினேன். ஒரு தாய், கைக்குழந்தையோடு பின்வரிசையில் இருந்தவர், எழுந்து கேட்டார்: "சாமி, நீங்க சொல்லுறது சரிதான். எங்க வீட்டுக்குக் கதவே கிடையாது, சாக்குதான் தொங்குது. மண்ணெண்ணெய் விளக்குல நான் கழுத்தப் பாக்கவா, வாலப் பாக்கவா? எனக்கு எல்லாம் ஒண்ணுதான்." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. விடையும் சொல்ல முடியவில்லை. அவருடைய அறியாமையையும் என்னுடையதையும் ஒரே சொல்லால் குறிப்பது நீதியன்று. அறியும் வாய்ப்பும் விளக்கும் கதவும் உள்ளவனிடத்தே அறியாமை குற்றமாகிறது. அவரிடத்தே குற்றம் வேறு யாருடையதோ. பின்னர் பங்கின் இளைஞர்கள் சேர்ந்து அந்தத் தெருவின் வீடுகளுக்குக் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் வாங்கித் தந்தனர். கட்டிலில் படுத்து, வலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டால், கட்டுவிரியன் வீட்டுக்குள்ளேயே வந்தாலும் உறங்குபவரை நெருங்குவது அரிது. கழுத்தையும் வாலையும் பார்க்கத் தேவையில்லை.

பாம்பை அடித்ததாக எவரும் ஒப்புரவுக்கு வந்து சொன்னதில்லை. நேர்மாறாக, பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு நம் கோயில்களும் ஒரு காரணமோ என்று சில நாள்களாக எண்ணுகிறேன். அமல உற்பவ அன்னையின் பாதத்தின் கீழ்ப் பாம்பு. ஏதேன் தோட்டத்தில் பாம்பு. மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன், "பாம்பு சாத்தான்தானே சாமி, அடிச்சா புண்ணியம்தானே?" என்று கேட்டான். அடையாளம் வேறு, உயிரினம் வேறு என்று அவனுக்குச் சொன்னேன். அதே விவிலியத்தில் மோசே பாலைநிலத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பைப் பார்த்தவர் பிழைத்தனர். ஆண்டவர் தம்மையே அதற்கு ஒப்பிட்டார். பின்னாளில் மக்கள் அந்த உருவத்துக்குத் தூபமிடத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்தும் போட்டார். ஒரே பாம்பைக் கொண்டு மனிதர் எத்தனை முறை தடம் மாறினர்!

புனித பவுல் மால்தாத் தீவில் கரையேறிய நிகழ்ச்சி எனக்கு இப்போது புதிதாகத் தெரிகிறது. விறகுக் கட்டிலிருந்து வந்த பாம்பு அவர் கையைப் பற்றியதும், தீவினர் அவரைக் கொலைகாரர் என்றனர். அவர் சாகவில்லை என்று கண்டதும் தெய்வம் என்றனர். அவர் இரண்டுமல்லர். இன்று மால்தாவில் மனிதனைக் கொல்லத்தக்க நச்சுப்பாம்பு எதுவுமில்லை. பவுலடியார்தாம் நஞ்சை நீக்கினார் என்பது அத்தீவினரின் மரபுவழி நம்பிக்கை. அங்கிருந்ததே தீங்கற்ற பாம்புதான், மக்கள் தவறாக இனங்கண்டனர் என்று கருதும் விரிவுரையாளரும் உண்டு. எதுவாயினும், பவுல் பாம்பைத் தீயில் உதறினார். நெருக்கடியில் ஒரு திருத்தூதர் செய்ததைக் குறை கூற நான் யார்?

உண்மையில் பாம்பை அறிந்தவர்களைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். வடதமிழகத்து இருளர்கள் தலைமுறைகளாகப் பாம்பு பிடிப்பவர்கள். தோல் வணிகத்துக்காகப் பிடித்தவர்கள், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பிழைப்பிழந்தனர். 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நான்கு நச்சுப்பாம்புகளையும் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து அந்த நஞ்சிலிருந்தே தயாராகிறது. அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாம் அஞ்சி அடிக்கும் உயிரின் வாயிலிருந்தே நம் பிள்ளைகளுக்கான மருந்தை எடுப்பவர்கள், எழுத்தறிவு கூட மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தினர். குருமடத்துக்கு அவர்களில் ஒருவரை அழைத்து ஒரு மாலை பேச வைத்திருக்கலாம்.

கடந்த ஐப்பசி மழையின்போது, இரவு திருப்பண்ட அறையைப் பூட்டப் போனேன். கதவு நிலையோரம் கட்டுப்போட்ட பாம்பொன்று சுருண்டு கிடந்தது. கைவிளக்கில் மின்கலம் தீரும் தறுவாயில் இருந்தது. கோயில்பிள்ளை பின்னால் நின்று, "அடிக்கவா சாமி?" என்றார், குரலைத் தாழ்த்தி. பத்தடி தள்ளி இருவரும் நின்றோம். கட்டுகள் கழுத்தில் தொடங்குகின்றனவா என்று பார்க்கக் குனிந்தேன். தலையை உடலுக்குள் மறைத்திருந்தது. விளக்கு மங்கி அணைந்தது. வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, முற்றத்துப் படியில் அமர்ந்தோம். அவர் பழைய வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மழை விட்டு நெடுநேரம் கழித்துப் புதிய மின்கலத்தோடு வந்து பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. அது வரையனா விரியனா என்று கோயில்பிள்ளை இன்னும் கேட்கிறார்.